பூட்டு இல்லாத டிராக்டர்

முதல் மழை விழுந்து ஈரம் பதமாக இருக்கும் மூன்று நாளைக்குள் உழவை முடிக்கணும். அந்த மூன்று நாளில்தான் டிராக்டர் மக்கர் பண்ணும். பழைய வண்டி என்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் வந்து, வரப்பிலேயே சாக்கை விரித்துக் கழற்றிப் போட்டு, சாயந்தரத்துக்குள் ஓட்டிக் காட்டிவிடுவார். புது வண்டி என்றால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது சென்சார் வண்டிங்க, கம்பெனியில இருந்து கம்ப்யூட்டர் கொண்டாந்து மாட்டினாத்தான் என்னன்னு தெரியும்" என்பார். அவர்கள் வருவதற்குள் ஈரம் போய்விடும்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் அமெரிக்க உழவர்களுக்கும் இதே தலைவலிதான். அந்தத் தலைவலியிலிருந்து ஒரு சின்னப் பட்டறை பிறந்தது. டிராக்டர், மண்கல் அழுத்தும் இயந்திரம், பகுதி பகுதியாகச் செய்து பூட்டுகிற ஆய்வுக் கட்டடம் என்று எல்லாவற்றையும் தாங்களே செய்து, செய்த முறையின் வரைபடத்தையும் ஊருக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். பெயர் ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜி. இருப்பது மிசௌரி மாநிலத்தில் மேஸ்வில் என்ற சிற்றூர்ப் பக்கம், சுமார் 30 ஏக்கர் பண்ணையில்.

இதைத் தொடங்கியவர் மார்சின் யாகுபோவ்ஸ்கி. போலந்தில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு இணைவு குறித்து ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். பட்டம் கையில் வந்தபோதுதான், உருப்படியாக ஒரு கைவேலையும் தெரியாதவனாக இருக்கிறோமே என்று அவருக்கு உறைத்ததாம். 2011-இல் டெட் மேடையில் பேசியபோது அவரே இதைச் சொன்னார். நிலம் வாங்கினார். டிராக்டர் வாங்கினார். அது உடைந்தது. காசு கொடுத்துச் சரி செய்தார். மறுபடி உடைந்தது. கொஞ்ச நாளில் கைக்காசும் தீர்ந்தது. அந்தப் பேச்சு சில நிமிடம்தான். ஆனால் உழவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சந்தையில் இருக்கும் கருவிகளை அவர் ஆராய்ந்தார். சீக்கிரம் பழசாகணும், உதிரிப் பாகத்துக்கு நம்மிடமே வரணும் என்ற கணக்கில்தான் அவை செய்யப்பட்டிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். ஆயுசுக்கும் உழைக்கிற, உள்ளூர்ப் பொருளில் செய்யக்கூடிய, யாரும் கழற்றி மாட்டக்கூடிய கருவி கடையில் கிடைக்காது, நாமே செய்ய வேண்டியதுதான் என்று இறங்கினார்.

சட்டமும் ஒரு பூட்டு

"வண்டியை வாங்கிட்டோம், அப்புறம் நம்ம இஷ்டம்தானே" என்று நாம் நினைக்கிறோம். இதற்குக் கம்பெனிகள் என்ன பதில் வைத்திருக்கின்றன என்று தெரிந்தால்தான் இந்தப் பட்டறையின் அருமை புரியும்.

2015-இல் ஜான் டீயர் நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு கருத்து அனுப்பியது. டிராக்டருக்குள் ஓடும் மென்பொருள் கம்பெனியுடையது. காசு கொடுத்து வாங்கியவருக்கு இருப்பதெல்லாம், வண்டியின் ஆயுள் உள்ளவரை அதை ஓட்டிக்கொள்வதற்கான ஒரு மறைமுக உரிமம். இதுதான் அதன் சாரம். இரும்பு உனக்கு, அறிவு எனக்கு என்கிற பேச்சு. உழவர்கள் கொதித்துப் போனார்கள். அதே ஆண்டு அக்டோபரில், பழுது பார்ப்பதற்காக டிராக்டரின் மென்பொருள் பூட்டைத் திறக்கலாம் என்று அரசு விலக்கு அளித்தது. 2023-இல் கொலராடோ மாநிலம் உழவு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் அதுதான். 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வணிக ஆணையமும் இல்லினாய், மினசோட்டா மாநிலங்களும் சேர்ந்து அதே கம்பெனி மீது வழக்குத் தொடர்ந்தன.

விதையில் நாம் பார்த்ததுதான் இது. வீட்டுப் பரணில் இருந்த விதையை வீரிய விதை வெளியே தள்ளியது. அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்க முடியாத விதையை ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கும்படி ஆனது. கருவியில் அது கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். விதையைப் பாதுகாக்க ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள். கருவியின் வரைபடத்தை யார் பாதுகாப்பது?

சட்டகமும் ஆற்றல் பெட்டியும்

யாகுபோவ்ஸ்கி 2003-இல் தொடங்கிய முயற்சி, 2008-ஐ ஒட்டி முதல் டிராக்டராக உருவெடுத்தது. லைஃப்டிராக் என்று பெயர். பார்க்க அழகாக இருக்காது. பெயிண்ட் அடித்த இரும்புக் கட்டில் மாதிரி இருக்கும். ஆனால் அதில் உள்ள யோசனை கவனிக்க வேண்டியது.

வண்டியின் உடம்பு முழுக்கத் தடித்த சதுரக் குழாய். நம்ம பட்டறைகளில் ஸ்கொயர் டியூப் என்போமே, அதுதான். குழாய் நெடுக ஒரே இடைவெளியில் துளை. வெல்டிங் குறைவு, போல்ட் நட்டுதான் அதிகம். ஒரு குழாய் வளைந்தால் அந்தக் குழாயை மட்டும் கழற்றி மாற்றலாம். வண்டியை நீட்டணுமா, நீளக் குழாய் போடலாம். வேண்டாமென்றால் பிரித்து வேறு கருவிக்குப் போடலாம்.

கிளட்ச் இல்லை, கியர்பாக்ஸ் இல்லை, டிஃபரென்ஷியல் இல்லை. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்தி ஓஸ் வழியாகத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் சக்கரத்தில் இருக்கும் மோட்டாரைச் சுற்றுகிறது. ஜேசிபி கை எப்படித் தூக்குகிறதோ அதே எண்ணெய் அழுத்தத்தில் வண்டியும் ஓடுகிறது. ஸ்டீயரிங் கிடையாது. ஒரு பக்கச் சக்கரத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால் வண்டி திரும்பும்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனம் அந்த எஞ்சினில் இருக்கிறது. எஞ்சின், பம்பு, எண்ணெய்த் தொட்டி மூன்றையும் ஒரே இரும்புச் சட்டத்துக்குள் அடக்கி, ஆற்றல் பெட்டி என்று தனியாக வைத்துவிட்டார்கள். ஓஸை மாட்டினால் டிராக்டர் ஓடும். கழற்றி மண்கல் இயந்திரத்தில் மாட்டினால் அது ஓடும். மண்ணைப் பொடியாக்கும் கருவியில் மாட்டினால் அதுவும் ஓடும். பலம் போதவில்லையா, இரண்டு பெட்டியைச் சேர்த்து மாட்டலாம். நம்ம தோட்டத்தில் மோட்டாருக்கு ஒரு எஞ்சின், மருந்தடிக்க ஒரு எஞ்சின், புல் வெட்ட ஒரு எஞ்சின், களையெடுக்க ஒரு எஞ்சின் என்று ஆறு மாதம் தூங்குகிற எஞ்சின்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இப்படி ஒன்றுக்கொன்று பொருந்துகிற 50 இயந்திரங்களைச் செய்வது அவர்கள் திட்டம். டிராக்டரில் தொடங்கி மரம் அறுக்கும் ரம்பம், பால் கறக்கும் இயந்திரம், ரொட்டி அடுப்பு, காற்றாலை, உலோகம் உருக்கும் உலை வரை அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கிராமம் தன் காலில் நிற்க என்னென்ன வேண்டும் என்ற கேள்விக்கு இரும்பில் எழுதிய பதில். வார்தாவின் மகன்வாடியில் ஜே.சி. குமரப்பா முன்னின்று நடத்திய கிராமத் தொழில் சங்கம் எண்ணெய்ச் செக்கைத் திருத்தியமைத்த காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த கேள்விதான் இது.

காலடி மண்ணில் கட்டடம்

டிராக்டரைவிட அவர்களுக்கு நன்றாகக் கைகூடியது மண்கல் இயந்திரம் என்பது என் கருத்து. தோண்டிய மண்ணைச் சலித்து மேலே கொட்டினால், எண்ணெய் அழுத்தத்தில் இறுக்கிக் கல்லாக வெளியே தள்ளும். சுட வேண்டாம், விறகு வேண்டாம். ஒரே நாளில் 5,000 கல் அழுத்தியதாகவும், 6 நாளில் ஒரு டிராக்டர் கட்டியதாகவும் யாகுபோவ்ஸ்கி அந்த மேடையில் சொன்னார். செய்த இயந்திரங்கள் சிலவற்றை வெளியே விற்றும் இருக்கிறார்கள். விற்றாலும் வரைபடத்தை மறைக்கவில்லை. வேண்டுமென்பவர் தானே செய்துகொள்ளலாம், திருத்தலாம், செய்து விற்கவும் செய்யலாம். திருத்தியதை அவரும் அதே மாதிரி திறந்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

இந்த விஷயத்தில் அமெரிக்காவைப் பார்த்து வாய் பிளக்க வேண்டியதில்லை. கையால் அழுத்தும் மண்கல் அச்சு 1950-களில் கொலம்பியாவில், ராவுல் ராமிரெஸ் என்ற சிலி நாட்டுப் பொறியாளர் உருவாக்கியது. சின்வா ராம் என்று பெயர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா குழு நம்ம நாட்டுக்கு ஏற்ற அச்சை உருவாக்கியது. ஆரோவில் மண் கட்டடக் கழகம் 1989-இல் தொடங்கி, ஆரம் என்ற கை அச்சை வடிவமைத்து, அங்கேயே உள்ள ஆரேக்கா பட்டறையில் செய்து, பல நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் ஒரு நாள் போய் அந்தச் சுவர்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரலாம்.

மண்கல் போட நினைப்பவர்களுக்கு மண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாகணும். மேல்மண்ணைத் தொடாதீர்கள், அது பயிருக்கு. மட்கு கலந்த மண் கல்லுக்கும் ஆகாது. ஒரு முழத்துக்குக் கீழே இருக்கும் அடிமண்தான் வேண்டும். செம்மண் பூமிக்காரர்களுக்கு யோகம். கரிசல் மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுண்ணாம்பு சேர்த்துப் பக்குவம் பண்ணாமல் கரிசலில் இறங்க வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் முதலில் அடியில் தங்கும், அதன் மேல் வண்டல், கடைசியாகக் களி. மணல் பாதிக்கு மேலும், களி ஐந்தில் ஒரு பங்கு அளவிலும் இருந்தால் நல்ல மண். ஈரம் பார்க்க, ஒரு கை மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். அப்பளமாக நசுங்கினால் ஈரம் அதிகம். பொடிப்பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது.

மழை படும் சுவருக்கு ஆரோவில்காரர்கள் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிமென்ட் சேர்க்கிறார்கள். சிமென்ட் சேர்த்த கல்லை அன்றைக்கே அடுக்கி மூடி, நாலு வாரம் நனைத்து ஆற வைக்கணும். அவசரப்பட்டால் கல் முனை முனையாக உதிரும். முழுக்கச் சிமென்ட் வேண்டாம் என்பவர்கள் அடித்தளத்தைக் கருங்கல்லில் உயர்த்தி, கூரையை அகலமாக இறக்கிவிட்டால், உள்சுவருக்கு வெறும் மண்கல்லே போதும்.

பிரித்து எடுத்துப் போகிற கொட்டகை

மிசௌரி பண்ணையில் இருக்கிற கட்டடங்கள் வெறும் வீடுகள் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு பரிசோதனை. ஹேப்லேப் என்று ஒரு கட்டடத்துக்குப் பெயரே வைத்தார்கள். குடியிருப்பும் ஆய்வுக்கூடமும் சேர்ந்தது என்று அர்த்தம். குடியிருந்து பார்த்து, எங்கே ஒழுகுகிறது, எங்கே குளிர் புகுகிறது என்று பட்டறிந்து அடுத்ததைத் திருத்துவது அவர்கள் வழி. பிறகு கத்தரினா மோட்டா என்பவரும் சேர்ந்து, திறந்த கட்டடக் கழகம் என்ற பெயரில் இதை விரித்தார்கள்.

முறை இதுதான். முழுக் கட்டடத்தையும் ஒரேயடியாக யோசிப்பதில்லை. 8 அடிக்கு 4 அடி அளவில் ஒரு சுவர்த் துண்டு, அதே அளவில் ஜன்னல் வைத்த துண்டு, கதவு வைத்த துண்டு, கூரைத் துண்டு என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வரைபடம். ஆட்கள் பல குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு துண்டைத் தரையில் வைத்தே செய்கிறார்கள். பிறகு தூக்கி நிறுத்திப் பூட்டுகிறார்கள். சில நாளில் கட்டடம் எழுந்துவிடும். முதலில் சின்னதாகக் கட்டிக்கொண்டு, காசு சேரும்போது பக்கத்தில் இன்னும் நாலு துண்டைச் சேர்க்கலாம். பக்கத்திலேயே ஒரு கண்ணாடிக் குடில், அதில் மீன் தொட்டியும் கீரையும். கடைசியாக அவர்கள் போய்ச் சேர்ந்தது மரச்சட்டத் துண்டுகளில். மண்கல் பின்னுக்குப் போய்விட்டது. அங்கே உறைபனிக் குளிர், மண்சுவர் மட்டும் குளிரைத் தடுக்காது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

நமக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. தமிழ்நாட்டில் எத்தனை பேர் குத்தகை நிலத்தில் இயற்கை வேளாண்மை செய்கிறோம்? மண்ணை மூன்று வருடம் பாடுபட்டுத் தேற்றி வைத்திருப்போம். ஆனால் ஒரு மாட்டுக் கொட்டகை, ஒரு விதை அறை, பஞ்சகவ்யம் வைக்க ஒரு நிழல் கட்ட முடியாது. கட்டினால் நிலக்காரர் "இது என்ன, இங்கேயே தங்கிடப் போறியா" என்பார். குத்தகை முடிந்தால் கட்டியது அவருக்கே போகும். அதனால் விதையைச் சாக்கில் கட்டி வீட்டுத் திண்ணையில் வைக்கிறோம், எலி தின்கிறது. இந்த இடத்தில்தான் துண்டு துண்டாகப் பூட்டுகிற கட்டடம் உழவனுக்கு உதவும். சதுரக் குழாய்ச் சட்டம், அதில் மூங்கில் தட்டியோ பலகையோ, போல்ட் நட்டு. குத்தகை முடிந்தால் டாட்டா ஏசியில் ஏற்றிக்கொண்டு அடுத்த நிலத்துக்குப் போகலாம். விதைகளை ஈரம் ஏறாமல் வைக்கவும், ரகங்களை ஒப்பிட்டுக் குறிப்பெடுக்கவும் நம்ம விதைச் சேகரிப்புக் குழுக்களுக்கு அப்படி ஒரு அறை போதும். ஆய்வு என்றால் குளிரூட்டிய கூடம்தான் இருக்கணும் என்பதில்லை.

காற்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எத்தனை தகரக் கொட்டகை பறந்தது என்று டெல்டாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். எடை குறைந்த கட்டடம் காற்றில் பட்டம் மாதிரி. தரையில் சின்னச் சின்னக் கான்கிரீட் கட்டைகளைப் புதைத்து, அதில் பதித்த போல்ட்டில் ஒவ்வொரு காலையும் பூட்டணும். கூரையைக் கம்பியால் சட்டத்தோடு இழுத்துக் கட்டணும். போகும்போது கட்டடத்தை எடுத்துக்கொண்டு கட்டையை விட்டுவிட வேண்டியதுதான்.

எங்கே தடுக்கியது

இத்தனை பெருமை சொன்ன பிறகு குறையையும் சொல்லித்தானே ஆகணும். 50 இயந்திரத் திட்டம் சில வருடங்களில் முடிந்துவிடும் என்றார்கள். முடியவில்லை. சில இயந்திரங்கள் பலமுறை திருத்தப்பட்டு நல்ல நிலைக்கு வந்தன. பல இன்னும் பட்டியலிலேயே இருக்கின்றன.

டிராக்டரையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் அழுத்தத்தில் ஓட்டினால் கியருக்குச் செலவு இல்லை, சரி. ஆனால் எஞ்சின் பலத்தில் நல்லதொரு பங்கு எண்ணெய் சூடாகியே வீணாகும். எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். ஒரு பக்கத்தை நிறுத்தித் திரும்பும் வண்டி, திரும்பும் இடத்தில் மண்ணை அரைத்துவிடும். மண் தூக்க, குழி வெட்ட நல்ல வண்டி. நம்ம நஞ்சையில் இறக்கினால் அங்கேயே குடியிருக்கும். மண்ணின் உயிரைப் பற்றிப் பேசுகிற நாம் கண்ணை மூடிக்கொண்டு இதை நகலெடுக்கத் தேவையில்லை. அழுத்தத்தில் ஓடும் ஓஸில் ஒழுகல் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் கூடாது. ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்கும்படி ஆகிவிடும். அட்டைத் துண்டைக் காட்டித்தான் சோதிக்கணும்.

அதைவிடப் பெரிய தடங்கல் வேறு. வரைபடம் உலகத்துக்கே திறந்து கிடக்கிறது. ஆனால் அதைப் பார்த்து அச்சு அசலாக ஒரு டிராக்டர் கட்டி வயலில் ஓட்டுகிறவர்கள் மிகக் குறைவு. காரணம் சிக்கலானது இல்லை. வெல்டிங் பிடித்துப் பழகாதவருக்கு வரைபடம் வெறும் காகிதம். பட்டறைக்காரருக்கோ அது யாரோ எங்கோ போட்ட வரைபடம். அவர் ஊரில் அந்த அளவுக் குழாய் கிடைக்காது, அந்த மோட்டார் கிடைக்காது. பக்கத்தில் நின்று செய்து காட்ட ஒருவர் வேண்டும். செய்ததை ஓட்டிப் பார்த்து "இது சரிவரலை" என்று சொல்ல உழவரும் அங்கேயே இருக்கணும்.

இதே கேள்விக்கு பிரான்சில் இயற்கை உழவர்கள் வேறு வழியில் விடை தேடினார்கள். அவர்கள் பட்டறையிலிருந்து தொடங்கவில்லை, காய்கறிப் பாத்தியிலிருந்து தொடங்கினார்கள்.

ஆல்ப்ஸ் மலைப் பக்கம் ஜோசப் டெம்ப்லியே என்ற இயற்கைக் காய்கறி உழவர், வருடா வருடம் புரட்டாமல் நிரந்தரமாக வைத்திருக்கும் மேட்டுப்பாத்திக்கு ஏற்ற கருவி கடையில் இல்லை என்று கண்டார். தன் கூட்டாளிகளோடு பழைய இரும்பை வெட்டி ஒட்டிக் கருவி செய்துகொண்டார். இயற்கை உழவர் சங்கத்தின் களப்பணியாளர் ஃபப்ரிஸ் கிளேர் அதைப் பார்த்து, இதை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கலாமே என்றார். 2009-இல் தொடங்கியது, 2014-இல் லாட்டெலியே பேயிசான் என்ற கூட்டுறவாகியது. பெயரின் பொருளே உழவர் பட்டறை.

அவர்கள் லாரியில் வெல்டிங் மெஷினையும் ட்ரில்லையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். சில நாள் பயிற்சி. அறுக்கவும், துளைக்கவும், ஒட்டவும் உழவர்களே பழகுகிறார்கள். பயிற்சி முடியும்போது தான் செய்த கருவியை டிராக்டரில் மாட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். செய்தவரே ஓட்டுவதால், உடைந்தால் எங்கே உடைந்தது என்று அவருக்குத் தெரியும். வரைபடங்கள் இங்கேயும் திறந்தவைதான். இருக்கையை விட்டு இறங்காமலே கருவியை மாட்டிக் கழற்ற ஒரு முக்கோண இணைப்பு, மேட்டுப்பாத்தி போடும் கருவி, இடம் மாற்றி இடம் இழுத்துப் போகிற கோழிக்கூண்டு, பண்ணைக் கட்டடம் என்று பட்டியல் நீள்கிறது. அத்தனையும் ஏதோ ஓர் உழவர் முதலில் தன் தோட்டத்துக்குச் செய்துகொண்டது. கூட்டுறவு அதை அளந்து, வரைந்து, திருத்தி மற்றவர்களுக்குத் தருகிறது.

இவர்களே 2021-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். நிலத்தை இயந்திரங்களிடமிருந்து மீட்பது என்ற பொருளில் தலைப்பு. நாம் நாலு பேர் சொந்தமாகக் கருவி செய்துகொள்வதால் மட்டும் பெரிய இயந்திர வேளாண்மை நிற்காது, விலையையும் இறக்குமதியையும் தீர்மானிக்கிற அரசியலையும் சேர்த்துத்தான் எதிர்க்கணும் என்று அதில் வாதிடுகிறார்கள். தங்கள் வேலைக்கு எது எட்டும், எது எட்டாது என்று அவர்களே சொல்லிவிடுவது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம்ம பட்டறைகள்

பிரான்சில் லாரியில் ஏற்றிப் போகிற பட்டறை நமக்குத் தேவையில்லை, ஊருக்கு ஊர் இருக்கிறது. கொல்லர் உலைகள் குறைந்துவிட்டன, உண்மைதான். ஆனால் தாலுகா ஊர் எதை எடுத்தாலும் வெல்டிங் கடை நாலு, லேத் ஒன்று, ஜேசிபி புண்ணியத்தில் ஹைட்ராலிக் ஓஸ் அழுத்தித் தருகிற கடையும் ஒன்று இருக்கும்.

திருந்திய நெல் சாகுபடி வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டு, கோனோவீடரை உருட்டச் சொன்னார்கள். களிமண் வயலில் அதை இழுக்க முடியாமல் பெண்கள் கை ஓய்ந்து போனார்கள். பிறகு உள்ளூர்ப் பட்டறைகளில் எடையைக் குறைத்து, உருளையைச் சிறிதாக்கி, கைப்பிடியை ஆளின் உயரத்துக்கு ஏற்றபடி வைத்து ஆளுக்கொரு விதமாக மாற்றிக்கொண்டார்கள். அந்தத் திருத்தங்களில் எத்தனை இன்று வரைபடமாக இருக்கிறது? ஒரு பட்டறைக்காரர் தொழிலை விட்டால் அவர் கண்ட அளவும் அவரோடு போகிறது. நாலு ஊர் தள்ளி இன்னொருவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

உங்களிடம் நன்றாக உழைக்கிற, நீங்களோ உங்க ஊர்ப் பட்டறையோ திருத்திய கருவி ஒன்று இருந்தால் அளந்து வையுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம், பிரௌன் பேப்பரும் இன்ச் டேப்பும் போதும். முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று படம். எந்தத் தடிமன் தகடு, எந்த அளவு போல்ட், பேரிங் நம்பர் என்ன, எந்த மண்ணில் ஓட்டினது, எங்கே முதலில் உடைந்தது, அதற்கு என்ன செய்தீர்கள் என்று ஓரத்தில் எழுதுங்கள். உடைந்த இடத்தைத்தான் எல்லாரும் எழுதாமல் விடுவார்கள், அடுத்தவருக்கு வேண்டியது அதுதான். திருத்திய பட்டறைக்காரர் பெயரையும் அவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். அவருடைய பிழைப்புக்கு அது விளம்பரம், மறைக்கச் சொன்னால் மறைத்துவிடலாம். ஒரு பிரதியைப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டு, இன்னொன்றை அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். மற்றவர்கள் அதைப் படம் பிடித்துக்கொண்டு போகட்டும்.